எம்.ஏ இஸ்லாமிக் ஸ்டடீஸ்... எங்கே சேரலாம்?

'டிகிரி முடிச்சாச்சு, அடுத்து எம்.ஏ இஸ்லாமிக் ஸ்டடீஸ்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'அதை மதரஸாவுலயே படிக்கலாமே' என்பார் வாப்பா. 'படிச்சா வேலை கிடைக்குமா?' என்பார் மாமா. ரெண்டு கேள்விக்கும் பதில், நீங்க எங்கே சேர்றீங்க என்பதில்தான் இருக்கிறது.

இது எவ்வளவு சீரியஸான விஷயம் என்பதை 2024 நவம்பர் 5-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. உத்தரப்பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டம் செல்லும் என்ற நீதிமன்றம், காமில், ஃபாஸில் எனும் உயர்கல்விப் பட்டங்களை அந்த வாரியம் வழங்குவதை மட்டும் ஏற்கவில்லை. யு.ஜி.சி சட்டத்துக்கு அது முரண் என்பதே காரணம். படிச்ச பாடத்துல குறை இல்லை. பட்டம் கொடுத்த இடத்துக்குத்தான் அதிகாரம் இல்லை.

ஆகவே முதல் கேள்வி, பட்டம் தருவது யார்? யு.ஜி.சி ஏற்கும் பல்கலைக்கழகமா என்று பாருங்கள். ஆலிம், ஆலிமா முடித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் டெல்லி ஜாமியா மில்லியாவும் குறிப்பிட்ட மதரஸாக்களின் சான்றிதழ்களை மட்டுமே ஏற்கின்றன. உங்க மதரஸா அந்தப் பட்டியல்ல இருக்கா?

அடுத்தது மொழி. ஹைதராபாத் மௌலானா ஆசாத் பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழி உருது. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசி வளர்ந்தவருக்கு அது வசதி. காயல்பட்டினத்துப் பிள்ளைக்கு முதல் வருஷமே திணறல்தான். நம்மூரிலேயே வண்டலூர் கிரசென்ட்டில் அரபி, இஸ்லாமிய இயலுக்குத் தனிப்பிரிவு உண்டு.

மூன்றாவது, பாடத்திட்டம். வாப்பாவுக்கான பதில் இங்கேதான். மதரஸாவில் தஃப்சீர், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றை மார்க்க அறிவாகக் கற்கிறோம். பல்கலைக்கழகம் அவற்றோடு வரலாறு, தத்துவம், சமூகம் என்று விரித்து, கேள்வி கேட்டுப் படிக்கச் சொல்கிறது. ஆனால், பாடத்திட்டம் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எதிர்ப்புக் கடிதம் ஒன்றைத் தொடர்ந்து, 2022-ல் மௌதூதி, சையித் குதுப் எழுத்துகளைப் பாடத்திலிருந்து நீக்கியது அலிகர். பழைய பெருமையை விட்டுட்டு, இந்த வருஷ சிலபஸை வாங்கிப் படிங்க.

கடைசியாக, மாமாவின் கேள்வி. இந்தப் படிப்புக்கு முக்கிய வழி ஆசிரியர் பணியும் ஆய்வும்தான். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இப்போது பெரிய நம்பிக்கை, மாதம் 37,000 ரூபாய் தரும் ஜே.ஆர்.எஃப். நெட் தேர்வில் 'அரபுப் பண்பாடும் இஸ்லாமிய இயலும்' தனிப் பாடமாகவே இருக்கிறது. சேர நினைக்கும் துறையில் சமீபத்தில் எத்தனை பேர் அதில் ஜெயித்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூடவே, அங்கே உங்களுக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியர் யார் என்பதையும் விசாரியுங்கள். தமிழ் மாணவர்கள் கையில் அரபுத்தமிழ் ஏடுகளும் சீறாப்புராணமும் இருக்கின்றன. வடக்கே பலரால் இவற்றை வாசிக்கக்கூட முடியாது. 'இதுல ஆய்வு பண்ணலாமா சார்?' என்று கேட்டதும் ஆர்வமாக நிமிர்ந்து உட்காரும் பேராசிரியர் இருக்கும் துறையை, கட்டடத்தின் பழம்பெருமைக்காக விட்டுவிடாதீர்கள்!