கோடம்பாக்கத்துக்கு பஸ் ஏறும் முன்...



கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண் நம்ம கயத்தாறு. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பட வசனத்தை ஒரு தடவையாவது பேசிப் பார்க்காதவன் இங்கே யார்? சிவாஜியைத் தெரியும். எழுதிக் கொடுத்தவர் யார் என்றால் முழிப்போம். சக்தி கிருஷ்ணசாமி! எழுதுகிறவன் நிலைமை அதுதான்.

ஆனாலும் நம்மில் பலருக்குக் கதை வசனம் எழுத ஆசை. "படிப்பாவது, பாலிடெக்னிக்காவது! மெட்ராஸ் போய் ஜெயிச்சுக் காட்டுறேன்" என்கிறார்கள். அவர்களுக்கு கே.பாலசந்தரின் கதையைச் சொல்ல வேண்டும்.

1930-ல் நன்னிலம் பக்கம் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம். பிறகு சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தா. வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் ஆபீஸ் ஊழியரே! மறு வருஷம் தன் நாடகமான 'நீர்க்குமிழி'யைப் படமாக இயக்கினார்.

மாதச் சம்பளம் கலையைக் கொன்றுவிடும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயிற்றுக்குச் சோறு இருந்தால்தான் பேனா யாருக்கும் பயப்படாது.

1981-ல், நம்ம கோவில்பட்டிச் சீமையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொன்ன கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக்கி, திரைக்கதைக்குத் தேசிய விருது வாங்கினார். அதே வருஷம் தயாரிப்பாளராகவும் ஆனார். கவிதாலயாவின் 'நெற்றிக்கண்' வந்தது, இயக்கியவர் எஸ்.பி.முத்துராமன். 1992-ல் மணிரத்னத்தின் 'ரோஜா'வும் கவிதாலயா படமே. தான் ஏறியதும் ஏணியை எடுத்துவிடவில்லை! 1990-ல், அறுபது வயதில், தூர்தர்ஷனுக்கு 'ரயில் சிநேகம்' எடுத்தார். சின்னத்திரைதானே என்று முகம் சுளிக்கவில்லை. 2014-ல் மறையும்வரை கலைஞராகவே வாழ்ந்தார்.

வேலையை உதறிவிட்டுப் போய் ஜெயித்தவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் ஜெயித்தவன் பேட்டிதான் பத்திரிகையில் வரும். தோற்றவனை யார் பேட்டி எடுப்பார்கள்? அவன் வீட்டுக் கடனை யார் அடைப்பார்கள்?

நம்மில் பலர் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். நம் முதல் சம்பளத்தை நம்பி ஒரு வீடே காத்திருக்கிறது. அதற்காக ஆசையை அடக்கச் சொல்லவில்லை. அரியர் இல்லாமல் டிப்ளமோவை முடிப்போம். பகலில் லேத்தில் நிற்போம், ராத்திரி எழுதுவோம். ஆண்டு விழாவுக்கு நாமே ஒரு நாடகம் எழுதிப் போடுவோம். நல்ல எழுத்து நாலு வருஷம் காத்திருந்தால் கெட்டுப் போகாது. காத்திருக்கும் வீடு அப்படியல்ல, நண்பா!