சிக் சாக்லேட்: ட்ரம்பெட் சத்தம் தெரியும், ஆளைத் தெரியுமா?

மூலக்கொத்தளம் சுடுகாட்டை நோக்கி வரும் இறுதி ஊர்வலம், கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். பேண்டு செட் வைத்திருந்தால் ட்ரம்பெட் சத்தம்தான் முதலில் கேட்கும். இறந்தவரின் பெயரும் படமும் போஸ்டரில் இருக்கும். வாசிப்பவரின் பெயர் எங்கேயும் இருக்காது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. இடுகாடு வரை சோகமாக வாசிக்கும் பேண்டு, திரும்பும்போது ஆட்டம் போடவைக்கும் இசைக்கு மாறிவிடும். அந்த ஊரில் 1901-ல் பிறந்து, சிறுவர் சீர்திருத்த இல்லத்தின் பேண்டில் வாசித்துப் பழகியவர்தான் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்.

அவருடைய இசை இந்தியாவில் ஒருவரை அப்படியே கட்டிப்போட்டது. அவர் அந்தோனியோ சேவியர் வாஸ். கோவாவின் அல்டோனா கிராமத்தில் 1916-ல் பிறந்தவர். சர்ச் பள்ளியில் இசை கற்று, பம்பாய்க்கு வந்து, 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் தாஜ் ஹோட்டலில் குழுவோடு வாசித்தார். வாசிப்பும் பாட்டும் ஆம்ஸ்ட்ராங் பாணி. 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

சினிமாவில் அவர் கைகோத்தது இசையமைப்பாளர் சி.ராமச்சந்திராவுடன். யார் என்று யோசிக்கிறீர்களா? பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தின் இசையமைப்பாளர்தான். அவரது இசையில் 1951-ல் வந்த இந்திப் படம் 'அல்பேலா'வில் சிக் சாக்லேட் குழு வாசித்ததோடு, திரையிலும் தோன்றியது. பாடல்கள் நாடு முழுக்க ஹிட்.

ஆனால், அந்தக் கால இசைத்தட்டுகளில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும். ட்ரம்பெட் ஊதியவர், வயலின் வாசித்தவர், நோட்ஸ் எழுதிக் கொடுத்தவர் பெயர்கள் இருக்காது. இந்தி சினிமா இசைக்கு உழைத்த கோவா கலைஞர்கள் பலரின் கதை இதுதான். 'நாதான்' (1951) போன்ற படங்களுக்குத் தானே இசையமைத்ததால், சிக் சாக்லேட்டின் பெயராவது ஏட்டில் தங்கியது. 1967-ல் அவர் மறைந்தார்.

அடுத்த முறை ஊர்வலம் முடிந்து, ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்துப் பையில் வைக்கும் அண்ணனைப் பார்த்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க பேரு என்னண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள்.