மலைப்பாதைக்குக் கடன் வாங்கலாம், மாதச் செலவுக்கு?

பெரியகுளத்துக்கு அருகே அடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து டோலியிலும் குதிரையிலும்தான் ஒரு காலத்தில் கோடைக்கானலுக்கு ஏறினார்கள். 1870களில் தொடங்கிய மலைப்பாதை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வண்டிகளுக்குத் திறந்தது. இத்தனை ஆண்டுகள் இழுத்த வேலையின் பலனை எந்த ஒரு ஆண்டின் வரவு செலவுக் கணக்கிலும் காட்டியிருக்க முடியாது. ஆனால் இன்று பூம்பாறைப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குவதும், பேரிக்காயும் பிளம்ஸும் சமவெளிக்கு வருவதும், சீசனை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பதும் அந்தப் பாதையால்தான். நூறாண்டு உழைக்கும் சொத்துக்கான செலவை ஒரே தலைமுறை சுமக்க வேண்டியதில்லை. அரசு கடன் வாங்குவதற்கான முதல் நியாயம் இதுதான். தமிழக அரசின் நிதிநிலை பற்றிய 2021 வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றபோது பலரும் பதறினார்கள். கடனின் அளவைக் காட்டிய அந்த எண், அது எதை வாங்கித் தந்தது என்பதைக் காட்டவில்லை.

கவலைக்குரிய இடம் வேறு. 2025-26 தமிழக பட்ஜெட்டின்படி கடன் வாங்கி நிரப்ப வேண்டிய நிதிப் பற்றாக்குறை ஏறத்தாழ 1,07,000 கோடி ரூபாய். அதில், அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சுவதால் வரும் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி. வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் சுமார் 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதாக 2003-இல் சட்டம் இயற்றிய மாநிலம், 2013-14 முதல் ஆண்டுதோறும் அதே பள்ளத்தில் நிற்கிறது.

அப்படியானால் மகளிர் உரிமைத் தொகையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவும் வீண் செலவா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. பசியாறிப் படிக்கும் பிள்ளையை விடப் பெரிய முதலீடு எது? ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கையில் மாதம் 1,000 ரூபாய் சேரும்போது வத்தலக்குண்டு மளிகைக் கடையிலும் வியாபாரம் நடக்கிறது. ஆனால் மாதந்தோறும் தர வேண்டிய பணம் மாதந்தோறும் வரும் வரியிலிருந்து வர வேண்டும். கடனில் கொடுத்தால், வட்டி வளர வளர அந்தத் திட்டத்தின் கழுத்தே முதலில் நெரிபடும். ஜப்பானின் கடன் அதன் உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் நாடு நிற்கிறதே என்பது இன்னொரு வாதம். ஜப்பான் தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்குகிறது. தமிழ்நாட்டுக்கு நாணயம் அச்சிடும் உரிமை இல்லை. மத்திய அரசின் ஒப்புதலின்றிக் கடன் வாங்கும் சுதந்திரமும் இல்லை. 2019-இல் வரியைக் குறைத்து, வெளிநாட்டு நாணயக் கடனைச் சுமந்த இலங்கை 2022 ஏப்ரலில் கையை விரித்ததை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தோம்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் உண்டு. பாதை போடுவது மூலதனச் செலவு. மழையில் சரிந்த தடுப்புச் சுவரைச் சீர்செய்வது வருவாய்ச் செலவு. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும்போது சம்பளத்திலும் வட்டியிலும் கைவைக்க முடியாது. பராமரிப்பில்தான் வெட்டு விழும். அதனால் கடனில் கட்டிய சொத்து, கடன் அடையும் முன்பே பாழாகிறது. புதிய பாதைக்கோ அணைக்கோ கடன் வாங்கும் நாளிலேயே, அதைப் பேணுவதற்கான ஆண்டுத் தொகை எந்த வரியிலிருந்து வரும் என்பதையும் பட்ஜெட்டில் எழுதி, பிறகு யாரும் தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். சொத்து வரியையும் வாகன வரியையும் கூட்டுவது ஓட்டுக் கேட்கும் கட்சிகளுக்குக் கசக்கும். ஆனாலும் ஐப்பசி மழையில் அந்த மலைப்பாதை வழியே பிரசவத்துக்கு ஒரு பெண்ணை இறக்கிக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ், அந்தத் தடுப்புச் சுவரை நம்பித்தான் ஓடுகிறது.