பழுது முதுமையில் அல்ல

"வயது போனதுகளுக்கு ஊசி போட்டு என்ன பிரயோசனம்?"

நம்மவர் மத்தியில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. கேட்பவர்கள் படியாதவர்களும் அல்லர். இதில் பாதி உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நெஞ்செலும்பின் பின்னே அமைந்து நோயெதிர்ப்புக் கலங்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி, இளமையிலேயே சுருங்கத் தொடங்கி முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகின்றது. பேரனைக் காக்கும் தடுப்பூசி பாட்டனைக் காக்கத் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும், 'ஆகவே ஊசி வேண்டாம்' என்ற முடிவு, செருப்புக்கேற்பக் காலை வெட்டும் நியாயமாகும்.

அக்கி நோயை எடுத்துக்கொள்வோம். 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொஸ்ராவக்ஸ், 70 வயதைக் கடந்தோருக்கு ஏறத்தாழ 38 சதவீதப் பாதுகாப்பையே அளித்தது. 2017இல் அனுமதி பெற்ற சிங்றிக்ஸ், தனியாக நடந்த ஆய்வொன்றில், அதே வயதினருக்கு ஏறத்தாழ 90 சதவீதப் பாதுகாப்பை அளித்தது. இடைப்பட்ட காலத்தில் முதியவர்கள் மாறவில்லை, தடுப்பூசிதான் மாறியது. வைரசின் ஒரு புரதத்துடன், உறங்கும் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் துணைப்பொருள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதன் ஒரு கூறு சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து பெறப்படுவது.

இன்புளுவென்சாவின் கதையோ வேதனைக்குரியது. ஸ்குவாலீன் எண்ணெய் கலந்த துணைப்பொருளுடன் கூடிய தடுப்பூசிக்கு இத்தாலி 1997இலேயே அனுமதி அளித்தது. நான்கு மடங்கு செறிவுள்ள ஊசிக்கு அமெரிக்கா 2009இல் அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 32,000 முதியவர்களிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, சாதாரண ஊசியைவிட இது 24 சதவீதம் கூடிய பயன் தருவதாகக் காட்டியது. பிரித்தானியாவில் 2016-17 குளிர்காலத்தில் 65 வயதைக் கடந்தோரிடம் சாதாரண ஊசி குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காட்டவில்லை. அதன் பின்னரே, 2018 குளிர்காலத்தில், துணைப்பொருள் சேர்ந்த ஊசி அங்கு முதியவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. இத்தாலி அனுமதித்து இருபத்தொரு ஆண்டுகளின் பின்!

குழந்தைகளுக்கான ஊசி ஒன்று இவ்வாறு பயனற்றுப் போயிருந்தால், இத்தனை காலம் பொறுத்திருப்போமா? முதியவர் மரணத்தை இயற்கை என்று எழுதிவிடுவது எளிது. அந்த எளிமையே இத்தாமதத்தின் வேர் என்பது என் குற்றச்சாட்டு.

'விலை அதிகம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் மலிவான ஊசி காக்கத் தவறும்போது, மருத்துவமனைக் கட்டிலுக்கும் சுவாசக் கருவிக்கும் யாரோ ஒருவர் பணம் செலுத்தவே செய்கின்றார்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலுள்ள அம்மாவிடம் "பிறசர் குளிசை போட்டாச்சா?" என்று வாரந்தோறும் கேட்கிறீர்கள். அவருடைய வயதுக்கேற்ற தடுப்பூசி அங்கு கிடைக்கின்றதா என வைத்தியரிடம் ஒரு தடவையேனும் கேட்டதுண்டா? கிடைக்காவிடின் சாதாரண ஊசியையேனும் போடச் செய்யுங்கள். பயன் குறைவாயினும் வெறுங்கையிலும் அது மேல்.

முதுமை தளரும். தளர்ந்த உடலுக்கேற்ற மருந்தைச் செய்ய அறிவியல் கற்றுக்கொண்டுவிட்டது. அதைக் கொடுக்க மறுப்பதற்கு இனி முதுமையைச் சாட்டாதீர்கள்.