வெட்டவெளியில் ஓர் இரவு

கோடை விடுமுறை தொடங்கியதும் வீடுகளில் பயணப் பேச்சு எழுகிறது. எங்குச் செல்வது, எவ்வாறு செல்வது, எத்தனை நாள் தங்குவது என்பனவற்றையெல்லாம் பெரியவர்களே முடிவுசெய்துவிடுகின்றனர். குழந்தைகளுக்குப் புறப்படும் நாள் மட்டும் அறிவிக்கப்படுகிறது. மூட்டை முடிச்சுகளோடு அவர்களும் வண்டியில் ஏற்றப்படுகின்றனர். மூன்று நாளில் ஐந்து ஊர்களைச் சுற்றித் திரும்பிய குழந்தையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், விடுதியின் நீச்சல்குளத்தையும் மலைப்பாதையில் வாந்தியெடுத்ததையும் சொல்லும். அதில் குழந்தையின் பிழை ஏதுமில்லை.

குடும்பத்தோடு வெட்டவெளியில் தங்குவதை மேலைநாட்டார் கற்றுத்தந்த பழக்கமாகக் கருதுவோர் உளர். மதுரைச் சித்திரைத் திருவிழாவிற்குக் கூண்டுவண்டி கட்டி வந்த சிற்றூர் மக்கள், வைகை மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்து, வண்டியடியிலேயே உறங்கிய காலம் வெகுதொலைவில் இல்லை. குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் பல இன்றும் மரத்தடியில் பொங்கியுண்டு இரவைக் கழிக்கின்றன. அப்பயணங்களில் சிறுவர்க்கும் வேலை இருந்தது. சுள்ளி பொறுக்குவதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவர்கள் பொறுப்பு. இன்று கடையில் வாங்கும் கூடாரம் அருமையாகத்தான் இருக்கிறது. அதனுள் அமர்ந்திருக்கும் குழந்தைக்குத்தான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆதலின் திட்டமிடும் பணியிலேயே குழந்தைக்குப் பங்கு தரவேண்டும். பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு கணக்கைக் கொடுக்கலாம். ஆயிரம் மீட்டர் மேலே சென்றால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சேலத்தில் 38 டிகிரி வெயில் அடிக்கும்போது ஏற்காட்டில் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய 30 என்று கண்டவள், இரவில் அது இன்னும் குறையும் என்று எண்ணித் தம்பிக்கும் சேர்த்துக் கம்பளிச் சட்டையை எடுத்துவைப்பாள். அவ்வாறு எடுத்துவைத்த பையை அவள் மறக்கமாட்டாள்.

முதல் இரவுக்கு மலையும் தேவையில்லை. மே மாதத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் திரளும் கூட்டம் அளவிறந்தது. 2024ஆம் ஆண்டு முதல் அங்குச் செல்ல இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டதே அதற்குச் சான்று. காப்புக்காட்டில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கவும் சட்டம் இடம்தராது. உறவினர் தோப்போ வீட்டு மொட்டைமாடியோ போதும். மொட்டைமாடியா என்று நகைப்போர், இருளுக்கு அஞ்சும் ஐந்து வயதுக் குழந்தையை நள்ளிரவில் மலையுச்சியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து பார்க்கட்டும்.

மலைக்கோ நீர்நிலைக்கோ செல்வதாயின் அச்சத்திற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதை அறிந்த பின்னும், கூடாரம் என்றாலே தீமூட்டிச் சுற்றி ஆடவேண்டும் என்று எண்ணுவது அறியாமை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச்சென்றது. அருவியின் கீழ் நிற்பவர்களுக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரிவதில்லை. நீர் கலங்குவதும் சருகும் குச்சியும் மிதந்துவருவதும் கண்டால் உடனே கரையேற வேண்டும் என்பதை, நீரில் இறங்குமுன்பே குழந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இறங்காதே என்று அதட்டுவதைவிட ஏன் இறங்கக்கூடாது என்று விளக்குவதற்குக் கூடுதல் நேரமாகும். அந்த நேரத்தையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பிவிடலாம் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு பயணத்திலும் யாருக்கேனும் இருக்கவேண்டும். பணம் செலுத்திவிட்ட பெரியவர்களுக்கு அச்சொல் எளிதில் வாய்க்கு வருவதில்லை. முன்பணம் போய்விடுமே, அலுவலகத்தில் விடுப்புச் சொல்லியாயிற்றே என்று மனம் தயங்கும். குழந்தைக்கு அத்தகைய கணக்கு ஏதுமில்லை. வானம் கறுத்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொல்வதும் குழந்தைதான். அச்சொல்லைச் சிணுங்கல் என்று தள்ளாமல் ஒருமுறை நின்று கேட்பதாகப் புறப்படுமுன்பே குடும்பம் உடன்பட்டிருத்தல் நன்று.

எல்லாம் சரியாக அமைந்த இரவில் விளக்குகளை அணைத்துவிட்டால் போதும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வடவானில் ஏழு மீன்களும் உயர்ந்து நிற்கும். அவற்றுள் வசிட்டனை ஒட்டி மங்கலாய் மின்னுவது அருந்ததி. தாத்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அதோ என்று விரல் நீட்டி அவருக்குக் காட்டுவது பேத்தியாக இருக்கும்.