இட்லிக் கடையும் சர்க்கார் ஜாமீனும்

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கடை என்றதும் நேயர்கள் பளிங்கு மேஜைகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் அடுப்பு, இரண்டு பெஞ்சு, மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று; அவ்வளவுதான். சென்ற வாரம் அந்தக் கிரைண்டர் ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே தண்டல்காரர் கடன் கொடுக்க வந்து நின்றார்.

தண்டல் கணக்கு விசித்திரமானது. பெயருக்கு 10,000 ரூபாய் கடன். கையில் விழுவது 9,000. பிறகு தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி?" என்று அந்த அம்மாள் எண்ணுகிறாள். முதல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வருஷ வட்டி நூற்றுக்கு 70-க்கு மேல் போகிறது!

இத்தகையோருக்காகவே 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி இந்திய சர்க்கார் முத்ரா திட்டத்தைத் தொடங்கினார்கள். சிறு உணவுக் கடைகளும் அன்றாடச் சாப்பாடு வழங்கும் தொழிலும் அதில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிசோர்', 10 லட்சம் வரை 'தருண்' என்று பெயர். தருண் கடனை ஒழுங்காய்த் தீர்த்தவர்களுக்கு 20 லட்சம் வரை அளிக்க 2024-இல் ஏற்பாடாயிற்று.

பணத்தைச் சர்க்கார் நேரில் கொடுப்பதில்லை, பாங்கிகளே கொடுக்கின்றன. நகை, நிலம் ஒன்றும் ஈடு வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை ஈடு வாங்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2010-லேயே கட்டளையிட்டிருக்கிறது. ஈட்டுக்குப் பதிலாகச் சர்க்காரின் உத்தரவாத நிதி ஜாமீனாக நிற்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் பாங்கிக்குப் போனாள், அரைமணியில் திரும்பிவிட்டாள். "நகை இருக்கிறதா என்று கேட்டார்கள், ஐயா. இல்லை என்றேன். அப்புறம் வா என்றார்கள்" என்றாள்.

சட்டம் டில்லியிலிருந்து பாங்கி வாசல் வரை வந்துவிட்டது; மேஜையைத் தாண்டி அந்தப் பக்கம் போகத்தான் அதற்குக் கால் வரவில்லை!

இன்னொரு பக்கமும் உண்டு. "சர்க்கார் ஜாமீன்தானே, கட்டாவிட்டால் என்ன?" என்று சில புத்திசாலிகள் உபதேசிக்கிறார்கள். இது பெரும் பிசகு. ஜாமீன் பாங்கியின் நஷ்டத்தைக் குறைப்பதற்கே ஒழிய, கடன்பட்டவரை விடுவிப்பதற்கு அன்று. தவணை தவறினால் கடனும் நிற்கும். கெட்ட பெயரும் நிற்கும். அடுத்த கடனுக்கு வாசலும் அடைபடும். அன்றியும் இது இனாம் அன்று. பாங்கி வட்டி உண்டு. ஆயினும் தண்டல் வட்டியோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

மறுநாள் நானும் அந்த அம்மாளுடன் போனேன். அடையாளச் சீட்டு, விலாசச் சான்று, கிரைண்டரின் விலைப்பட்டி ஆகியவற்றுடன் மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டோம். இம்முறை நகையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மனு பரிசீலனையில் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் தெருவிலும் ஓர் இட்லிக் கடை இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒரு காலைப் பொழுதை அதற்காகச் செலவிட்டால் என்ன? அங்கே எத்தனை நாள் இட்லி சாப்பிட்டிருக்கிறோம்!