ஊசி குத்தினால் யார் குற்றம்?

‘ஊசி குத்துவது தொழிலாளியின் கவனக்குறைவு, கையுறை கொடுத்தாயிற்று, வேறென்ன செய்ய?’ என்கிறார்கள் ஆஸ்பத்திரி நிர்வாகிகள் சிலர். இதை ஏற்கவே முடியாது. துப்புரவுப் பெண் குப்பைப் பையைக் கட்டித் தூக்குகிறார்; பையைக் கிழித்துக்கொண்டு ஊசிமுனை அவர் தொடையில் ஏறுகிறது. அதை அந்தப் பைக்குள் போட்டவர் வேறொருவர். கட்டிலருகே துளைபடாத வெள்ளை டப்பா இருந்திருந்தால் ஊசி அதற்குள் போயிருக்கும். ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது.

தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எல்லோரும் பயப்படும் எச்.ஐ.வி.க்கோ சுமார் 0.3 சதவீதம்தான். பி வைரஸுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் அதைப் போடுவது மருத்துவமனையின் கடமை என்கின்றன 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். ‘அவர் காண்ட்ராக்ட் ஆள்’ என்ற பதில் செல்லாது.

நிர்வாகிகளே, குத்துப்பட்டதைத் தொழிலாளர்கள் மறைக்கிறார்கள் என்றும் குறை சொல்கிறீர்கள். சொன்னால் வேலை போகும் என்றால் யார் வாய் திறப்பார்? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டே மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நைட் ஷிப்டில் குத்துப்பட்டவர் யாரிடம் போக வேண்டும், மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம்? அதை முதலில் சொல்லுங்கள்.